வோடஃபோன் ஐடியாவில் 49% அரசுடையது. அப்புறம் பாக்கி யார் யாருக்கு?

#1 – பாளையங்கோட்டை மாணவன்

வணக்கம். எம்.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் ஏஜிஆர் வழக்கைப் பற்றி, அதாவது தொலைபேசிக் கம்பெனிகள் தங்கள் வருவாயில் அரசுக்குத் தரவேண்டிய பங்கு பற்றிய வழக்கைப் பற்றி, இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்த செய்திகளையெல்லாம் படித்துவிட்டேன், குழப்பம்தான் கூடியிருக்கிறது.

வோடஃபோன் ஐடியாவின் பங்குகளில் 48.99% மத்திய அரசிடம் இருக்கிறது. அதே கம்பெனி மத்திய அரசுக்கு ஏஜிஆர் கணக்கில் மட்டும் 2025ல் 80,000 கோடி ரூபாய் அளவில் பாக்கி வைத்திருந்தது. அதைக் குறைக்கச் சொல்லி அரசை எதிர்த்தே உச்ச நீதிமன்றத்தில் மனு போடுகிறது. மனு விசாரணைக்கு வந்தால் அரசு வழக்கறிஞர் எழுந்து, மறுபரிசீலனை செய்யத் தயார் என்கிறார். இதில் யார் வாதி, யார் பிரதிவாதி? எங்கிருந்து தொடங்கினால் இது பிடிபடும்?

#2 – கொசுவலை

மாமனார் மாப்பிள்ளைக்குக் கடன் கொடுத்தார். வரவில்லை. கேஸ் போட்டு ஜெயித்தார். மாப்பிள்ளை வீட்டை ஜப்தி செய்யலாம் என்று கிளம்பியபோதுதான் உறைத்தது, ஜப்தி செய்தால் மகளும் பேரப்பிள்ளைகளும் தன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள் என்று. இருபது நிமிடத்துக்கு இது போதும் தம்பி.

#3 – வழக்காடி

கொசுவலை சொன்னது முடிவு. தொடக்கம் வேறு. தம்பி, நீங்கள் 2019 தீர்ப்பிலிருந்து படிப்பதால்தான் குழப்பம். 1885லிருந்து படியுங்கள்.

இந்தியத் தந்திச் சட்டம், 1885, பிரிவு 4. தந்தி நடத்தும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே. தொலைபேசியும் அதற்குள் அடக்கம். அரசு விரும்பினால், நிபந்தனையும் கட்டணமும் விதித்து அந்த உரிமையை மற்றவருக்கு உரிமமாகத் தரலாம். நம் ஊர் பழைய கள்ளுக்கடை ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வியாபாரம் அரசுடையது, நீங்கள் ஏலம் எடுத்துக் கிஸ்தி கட்டி நடத்துகிறீர்கள். கடையைத் திறந்து நாலு வருடம் வியாபாரம் பார்த்த பிறகு, கிஸ்தி கணக்கிடும் முறை அநியாயம் என்று வழக்கு போட்டால் நீதிமன்றம் முதலில் ஒரே கேள்விதான் கேட்கும்: அன்றைக்குக் கையெழுத்து போட்டது யார்?

1994 கொள்கைக்குப் பிறகு தனியார் வந்தபோது உரிமக் கட்டணம் ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏலம் கேட்டுவிட்டார்கள், கட்ட முடியவில்லை. 1999ல் புதிய கொள்கை வந்து அவர்களைக் கரையேற்றியது. நிலையான தொகை வேண்டாம், வருவாயில் பங்கு கொடுங்கள் என்றார்கள். முதலில் 15%, பிறகு படிப்படியாக இறங்கி 8%. அலைக்கற்றை, அதாவது ஸ்பெக்ட்ரம், அதன் பயன்பாட்டுக் கட்டணம் இதற்கு மேல் தனி.

சரி, வருவாய் என்றால் எது? உரிம ஒப்பந்தத்திலேயே அதற்கு நீண்ட பட்டியல் உண்டு. இணைப்புக் கட்டணம், தாமதக் கட்டணம், கைபேசி விற்ற பணம், வட்டி, டிவிடெண்டு, மதிப்புக் கூட்டுச் சேவை, ரோமிங், டவர் போன்ற கட்டமைப்பைப் பகிர்ந்து வரும் வாடகை, கடைசியாக 'இதர வருவாய் எதுவாயினும்'. அதோடு ஒரு வால்: செலவு எதையும் கழிக்காமல். கழிக்க விட்டது மற்ற கம்பெனிகளுக்குக் கொடுத்த இணைப்புக் கட்டணம், கைமாற்றிய ரோமிங் தொகை, சேவை வரி, விற்பனை வரி. இப்படிக் கழித்து நிற்பதுதான் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய், அதாவது ஏஜிஆர்.

கம்பெனிகளின் வாதமும் லேசானதல்ல. வங்கியில் போட்ட பணத்துக்கு வரும் வட்டிக்கும் உரிமத்துக்கும் என்ன சம்பந்தம், உரிமம் இல்லாதவனுக்கும் அந்த வட்டி வருமே என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. கையெழுத்து போடுவதற்கு முன் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

2007ல் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம், டிடிசாட் என்பார்களே, அது கம்பெனிகளின் வாதத்தை ஏற்றது. 2011ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உரிம நிபந்தனை செல்லுமா செல்லாதா என்று பார்க்கும் அதிகாரமே தீர்ப்பாயத்துக்குக் கிடையாது, கேட்பு நோட்டீஸ் அந்த நிபந்தனைப்படி வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றது. என்னைக் கேட்டால் வழக்கு அன்றைக்கே பாதி முடிந்துவிட்டது. ஆனால் 2015ல் டிடிசாட் மறுபடியும் பெருமளவு கம்பெனிகள் பக்கமே சாய்ந்தது, அவர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. 2019 அக்டோபர் 24 அன்று நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான அமர்வு அந்த நம்பிக்கையைத் துடைத்து எறிந்தது. அரசின் விளக்கமே சரி. வட்டி, அபராதம், அபராதத்தின் மேல் வட்டி எல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டும்.

#4 – சேலம் ரங்கா

இதே வோடஃபோனுக்குத்தானே சார் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகும் விடாமல், பின்தேதியிட்டுச் சட்டம் போட்டுப் பணம் கேட்டார்கள்? அந்த வழக்கு மறுபடி எப்படி உயிர்பெற்றது?

#5 – வழக்காடி

ரங்கா சார், அது வேறு வழக்கு. நீங்கள் சொல்வது வருமான வரி. 2007ல் ஹட்சிசனின் இந்தியத் தொழிலை வோடஃபோன் வெளிநாட்டுக் கம்பெனி வழியாக வாங்கியது, மூலதன ஆதாய வரியை ஏன் பிடிக்கவில்லை என்று வருமான வரித் துறை கேட்டது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வோடஃபோன் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிதிச் சட்டத்தில் பின்தேதியிட்டுத் திருத்தம் வந்தது. 2020 செப்டம்பரில் ஹேக் நடுவர் மன்றத்தில் இந்தியா தோற்றது, 2021 ஆகஸ்டில் அந்தப் பின்தேதி வரியையே விலக்கிக்கொண்டார்கள். அதில் தவறு அரசுடையது என்பது என் கருத்து. இதில் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. இரண்டையும் குழப்பினால் தம்பிக்கு மதிப்பெண் போய்விடும்.

#6 – அடிக்குறிப்பு

ஆடிட்டர் அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். சட்டத்தை வழக்காடி பார்த்துக்கொள்ளட்டும், நான் எண்ணைச் சொல்கிறேன்.

2019 தீர்ப்பின்போது உரிமக் கட்டணக் கணக்கில் மட்டும் எல்லாக் கம்பெனிகளிடமும் சேர்த்துக் கேட்ட தொகை சுமார் 92,640 கோடி. அதைப் பிரித்தால் இப்படி வரும்: அசல் 23,189 கோடி. வட்டி 41,650 கோடி. அபராதம் 10,923 கோடி. அபராதத்தின் மேல் வட்டி 16,878 கோடி. அலைக்கற்றைக் கட்டணப் பாக்கியையும் சேர்த்தால் மொத்தம் 1.47 லட்சம் கோடி.

பாருங்கள், அசல் நாலில் ஒரு பங்குதான். எல்லோரும் 'வருவாய் என்றால் என்ன' என்று தத்துவ விசாரம் செய்துகொண்டிருந்தார்கள். ஆளைச் சாய்த்தது வட்டி.

உரிமத்தில் உள்ள வட்டிப் பத்தி சாதாரணமானதல்ல. ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கடன் வட்டிக்கு மேல் 2%, மாதாமாதம் கூட்டுவட்டி. பேச்சுக்கு 14% என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய் பாக்கி 5 வருடத்தில் 200 ஆகிறது, 10 வருடத்தில் 400, 15 வருடத்தில் 800. கட்டிய தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைவு இருந்தால், குறைந்த தொகையில் பாதி அபராதம். அந்த அபராதமும் தன் பங்குக்கு மாதாமாதம் குட்டி போடும். கந்துவட்டியை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 2003ல் தனிச் சட்டமே போட்டோம். இந்த வட்டியை என்ன பெயரிட்டு அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு தெரிந்தும் கம்பெனிகள் என்ன செய்தன? வழக்கு நடக்கிறதே என்று, பாக்கியின் பெரும்பகுதியை 'வரலாம், வராமலும் போகலாம்' என்ற வகையில் அறிக்கையின் கடைசிப் பக்கக் குறிப்புகளில் போட்டுவைத்தன. தீர்ப்பு வந்ததும் குறிப்பிலிருந்த எண் எழுந்து முதல் பக்கத்துக்கு வந்தது. 2019 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் வோடஃபோன் ஐடியா காட்டிய நஷ்டம் 50,921 கோடி. இந்தியக் கம்பெனி எதுவும் அதுவரை ஒரு காலாண்டில் அவ்வளவு நஷ்டம் காட்டியதில்லை. ஏர்டெல் 23,045 கோடி.

நான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டது சும்மா இல்லை.

#7 – கொசுவலை

அதாவது கேஸ் நடத்திய வக்கீல் ஃபீஸைவிடக் கேஸ் நடந்த காலத்தின் ஃபீஸ் அதிகம்.

#8 – தாமிரபரணிக் கரை

அடிக்குறிப்பு ஐயாவிடம் ஒரு கேள்வி. தோற்றால் 8 மடங்கு என்று தெரிந்திருந்தால், 'எங்கள் உரிமைக்குப் பாதகமில்லாமல்' என்று எழுதிக்கொடுத்துப் பணத்தைக் கட்டிவிட்டே வழக்கை நடத்தியிருக்கலாமே? வருமான வரி வழக்குகளில் எத்தனையோ பேர் அப்படித்தானே செய்கிறார்கள்?

#9 – அடிக்குறிப்பு

செய்திருக்கலாம். நான் என் கட்சிக்காரர்களுக்கு எப்போதும் சொல்வது அதைத்தான். ஆனால் ஒருவர் கட்டினால் போட்டியாளர் கட்டாமல் அந்தப் பணத்தில் டவர் போடுவாரே! அதனால் யாரும் கட்டவில்லை. அரசும் அன்றைக்கு அவசரப்படவில்லை. கடிகாரம் தனக்காக ஓடுகிறது என்று இரண்டு பக்கமும் நினைத்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

#10 – நிழல்குடை

இதில் ஜியோ கட்டியது எவ்வளவு தெரியுமா? 195 கோடி. கடைசியாகக் கடைக்கு வந்தவனுக்குப் பழைய கடன் நோட்டு கிடையாது. 2016 செப்டம்பரில் அவர்கள் சேவை தொடங்கியதும் விலை சரிந்து மற்றவர்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தத் தீர்ப்பும் வந்தது. சந்தேகப்படுகிறேன் என்று சொல்லவில்லை, நேரத்தைச் சொல்கிறேன்.

#11 – வழக்காடி

நேரத்தை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. 2003ல் தொடங்கிய சண்டை இது, அப்போது ஜியோ பிறக்கவே இல்லை. பழைய பாக்கி இல்லாமல் வந்தது அவர்களுக்கு அனுகூலம், அதை மறுக்கவில்லை.

#12 – தாமிரபரணிக் கரை

தமிழ்நாட்டுக்காரர்கள் இந்த இழையில் ஏர்செல்லைப் பேசாமல் இருக்கலாமா? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி, ஒரு காலத்தில் இங்கே தெருவுக்குத் தெரு அதன் பலகைதான். 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது, மாநிலம் முழுக்கச் சிக்னல் போய், எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற ஜனங்கள் கடை கடையாக அலைந்தார்கள். அவர்களின் ஏஜிஆர் பாக்கி என்ன ஆனது?

#13 – வழக்காடி

நல்ல இடத்தில் கேட்டீர்கள். என் பார்வையில் இந்த வழக்கின் ருசியான கிளை அதுதான்.

திவாலான கம்பெனியிடம் மிச்சமிருக்கும் மதிப்பான பொருள் அலைக்கற்றை. வங்கிகள் அதை விற்றுத் தங்கள் கடனை எடுக்கப் பார்த்தன. தொலைத்தொடர்புத் துறையோ, அலைக்கற்றை நாட்டின் சொத்து, கம்பெனி வெறும் குத்தகைக்காரர், எங்கள் பாக்கியைத் தீர்க்காமல் அதைத் தொடக்கூடாது என்றது. குத்தகை நிலத்தை அடமானம் வைத்த கதை. 2020 செப்டம்பர் 1 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நடுவில் ஒரு கோடு போட்டது. அலைக்கற்றையைப் பயன்படுத்தும் உரிமை கம்பெனியின் சொத்துதான், ஆனால் அரசின் பாக்கியைத் தீர்க்காமல், திவால் சட்டத்தைக் காட்டி அதைக் கைமாற்ற முடியாது என்றது.

பாக்கியை முழுக்கக் கட்ட முடிந்தால் அவன் ஏன் திவாலாகிறான் என்று கேட்காதீர்கள். எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

#14 – மட்டுறுத்துநர்

சிக்னல் வரவில்லை, ரீசார்ஜ் போட்டும் டேட்டா வரவில்லை என்று வந்த ஒன்பது பதிவுகளை 'நெட்வொர்க் புலம்பல்கள்' இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே வழக்கு மட்டும்.

#15 – பாளையங்கோட்டை மாணவன்

நன்றி சார். கெயில் கம்பெனிக்கும் இந்த நோட்டீஸ் போனதாகப் படித்தேன். எரிவாயுக் கம்பெனிக்கு எப்படி?

#16 – நிழல்குடை

அதுதான் உச்சக்கட்ட நகைச்சுவை. கெயில், பவர்கிரிட், ஆயில் இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் குழாய்ப் பாதை, மின்கம்பிப் பாதையோடு கண்ணாடி இழைக் கம்பியும் போட்டிருந்தன. அதற்காகத் தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் வாங்கியிருந்தன. தீர்ப்பு வந்ததும், 'இதர வருவாய் எதுவாயினும்' என்று இருக்கிறதே, அப்படியானால் எரிவாயு விற்ற பணத்திலும் பங்கு கொடு என்று கேட்டுவிட்டார்கள். கெயிலுக்கு மட்டும் 1.72 லட்சம் கோடி! பொதுத்துறை மொத்தத்துக்கும் 4 லட்சம் கோடி. அசல் தொலைபேசிக் கம்பெனிகளிடம் கேட்டதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். 2020 ஜூனில் நீதிமன்றம் இந்தக் கேட்பு அனுமதிக்கத்தக்கதே அல்ல என்று சொன்ன பிறகு, அதில் 96 சதவீதத்தைத் துறை திரும்பப் பெற்றது.

அப்போதே புரிந்திருக்க வேண்டும், அந்த வரையறை எழுதப்பட்ட லட்சணம்.

#17 – வழக்காடி

வரையறையின் லட்சணம் பற்றி நிழல்குடையோடு எனக்கு முக்கால்வாசி உடன்பாடு.

2020 பிப்ரவரி 14 அன்று நடந்ததையும் தம்பி குறித்துக்கொள்ளட்டும். கட்ட வேண்டிய கெடு ஜனவரி 23லேயே முடிந்துவிட்டது. பணம் வரவில்லை. துறையின் மேசை அதிகாரி ஒருவர், கட்டாதவர்கள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று கடிதம் எழுதியிருந்தார். உச்ச நீதிமன்ற உத்தரவை ஒரு மேசை அதிகாரி நிறுத்திவைப்பதா என்று அமர்வு கொதித்தது. அவமதிப்பு நோட்டீஸ் பறந்தது. அன்று மாலையே துறை கடிதத்தைத் திரும்பப் பெற்று, இரவு 11.59க்குள் கட்டுங்கள் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. பதினாறு வருட வழக்கில் அவசரம் தெரிந்த ஒரே ராத்திரி அது.

பிறகு 2020 செப்டம்பரில் நீதிமன்றமே பத்து வருடத் தவணை கொடுத்தது. 2021 மார்ச்சுக்குள் 10%, மீதி ஆண்டுத் தவணையாக 2031 வரை.

#18 – அடிக்குறிப்பு

அதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். தவணை கொடுத்த அதே கையோடு, கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கும் பேச்சே கூடாது என்றும் பூட்டிவிட்டார்கள்.

வோடஃபோன் ஐடியா தானே போட்ட கணக்கில் பாக்கி 21,533 கோடி. துறை போட்டது 58,254 கோடி. சில தொகைகள் இரண்டு முறை வந்திருக்கின்றன, கட்டிய பணம் கழிக்கப்படவில்லை, கூட்டல் பிழையை மட்டுமாவது திருத்துங்கள் என்று கேட்டுப் போனார்கள். 2021 ஜூலையில் அதுவும் தள்ளுபடி. நான் தொழில்முறையில் இதை ஏற்க முடியாதவன். வரையறையில் அவர்கள் தோற்றது நியாயம். கூட்டல் பிழை என்று ஒருவர் சொன்னால் பென்சிலை எடுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மளிகைக்கடை நோட்டில்கூடச் செய்வோமே.

#19 – வழக்காடி

இறுதி என்று ஒன்று வேண்டாமா ஐயா? பதினாறு வருடம் இழுத்தவர்களுக்குக் கணக்குச் சரிபார்ப்பு என்று கதவைத் திறந்தால் இன்னொரு பதினாறு வருடம் இழுப்பார்கள் என்று நீதிமன்றம் பயந்தது. அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் கூட்டல் பிழைக்கு உங்கள் பக்கம்தான் நானும்.

#20 – தாமிரபரணிக் கரை

இப்போது 49 சதவீதத்துக்கு வாருங்கள். அரசு ஏன் பங்கு வாங்கியது?

#21 – அடிக்குறிப்பு

வாங்கவில்லை. வரவேண்டிய பணத்துக்குப் பதிலாக எடுத்துக்கொண்டது.

2021 ஜூனிலேயே வோடஃபோன் ஐடியாவின் அன்றைய தலைவர் குமார் மங்கலம் பிர்லா, என் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுகிறேன், கம்பெனி ஓடினால் போதும் என்ற தொனியில் அரசுக்கு எழுதினார். செப்டம்பரில் அமைச்சரவை ஒரு பெரிய சலுகைத் தொகுப்பு கொடுத்தது. நாலு வருடம் கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடும். இனிவரும் காலத்துக்குத் தொலைத்தொடர்பு அல்லாத வருவாய் ஏஜிஆரில் சேராது. அபராதம் இல்லை. கூட்டுவட்டி மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. அதாவது கம்பெனிகள் இருபது வருடமாகக் கேட்டது எல்லாமே கிடைத்தது, பழைய பாக்கிக்கு மட்டும் கிடைக்கவில்லை!

அந்தச் சலுகைக் காலத்து வட்டியைப் பங்காகத் தரலாம் என்றும் ஒரு வழி வைத்தார்கள். 2023 பிப்ரவரியில் 16,133 கோடி வட்டி பங்காகி, அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வந்தது. 2025ல் அலைக்கற்றை ஏலப் பாக்கியில் இன்னொரு 36,950 கோடி. பங்கு ஒன்று 10 ரூபாய் வீதம் 3,695 கோடிப் பங்குகள். அப்படித்தான் 48.99%.

51% தொட்டால் கம்பெனிச் சட்டப்படி அது அரசு நிறுவனம். தணிக்கை, கண்காணிப்பு ஆணையம் எல்லாம் உள்ளே வந்துவிடும். பிஎஸ்என்எல் ஒன்றே போதும் என்று நினைத்திருப்பார்கள்.

#22 – நிழல்குடை

ஏர்டெல் சந்தையில் பணம் திரட்டிக் கட்டிக்கொண்டிருக்கிறது. கட்டாதவனுக்குக் கதவு திறக்கிறது. இது எந்த ஊர் நியாயம்? ஏர்டெல்லும் வட்டித் தள்ளுபடி கேட்டுப் போனதே, 2025 மே 19 அன்று எல்லோருடைய மனுவையும் சேர்த்துத்தானே தள்ளினார்கள்?

#23 – வழக்காடி

ஆம். அந்த மே மாதமே கதை முடிந்தது என்று நான் எழுதியிருந்தேன், இந்த இழையிலேயே யாராவது தேடி எடுத்துப் போடுவதற்குள் நானே ஒப்புக்கொள்கிறேன்.

நியாயம் என்று பார்த்தால் நிழல்குடை சொல்வது சரி. ஆனால் மூன்றாவது கம்பெனி விழுந்தால் மிச்சம் இரண்டு தனியாரும் ஒரு பிஎஸ்என்எல்லும்தான். 20 கோடி வாடிக்கையாளர்கள் இடம்பெயர வேண்டும். ஏர்செல்லுக்கு நடந்தது நினைவிருந்தால் அதை எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

#24 – பாளையங்கோட்டை மாணவன்

கடைசிச் சந்தேகம் சார். 2025 அக்டோபர் 27 உத்தரவு ஒன்று, நவம்பர் 3 உத்தரவு ஒன்று. இரண்டும் ஒன்றா, வேறா?

#25 – வழக்காடி

வேறு. ஒரு சொல்லில்தான் வேறுபாடு, பல்லாயிரம் கோடி அந்தச் சொல்லில் தொங்குகிறது.

2016-17 வரையிலான காலத்தோடு சம்பந்தப்பட்டு 9,450 கோடி கூடுதலாகக் கேட்டிருந்தார்கள். அதை எதிர்த்து வோடஃபோன் ஐடியா போனது. அன்றைய தலைமை நீதிபதி கவாய் அமர்வில் அரசு வழக்கறிஞர், அரசு இப்போது 49% பங்குதாரர், 20 கோடி வாடிக்கையாளர் நலன் இருக்கிறது, மறுபரிசீலனைக்குத் தயார் என்றார். அரசே விரும்பினால் செய்யட்டும், அது கொள்கை விஷயம் என்று அக்டோபர் 27 அன்று விட்டார்கள். படித்தால் அந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும் என்பதுபோல் இருந்தது. கம்பெனி திரும்பப் போய் விளக்கம் கேட்டது. நவம்பர் 3 அன்று, 2016-17 வரையிலான மொத்தப் பாக்கியையுமே, வட்டி அபராதம் உட்பட, அரசு மறுகணக்கு போடலாம் என்று தெளிவாக்கினார்கள்.

2020ல் பூட்டிய அதே கதவுதான், அடிக்குறிப்பு ஐயா. கடன்காரன் தட்டியபோது திறக்கவில்லை, கடன் கொடுத்தவரே தட்டியதும் திறந்தது. உங்கள் கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது தம்பி, வாதியும் பிரதிவாதியும் ஒரே வாசலில் நின்றார்கள்.

#26 – அடிக்குறிப்பு

பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

#27 – பாளையங்கோட்டை மாணவன்

எல்லோருக்கும் நன்றி. 'அபராதத்தின் மேல் வட்டி: 16,878 கோடி' என்ற ஒரே வரியை முதல் ஸ்லைடில் போட்டுத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

#28 – கொசுவலை

நல்ல தொடக்கம். ஆனால் தயாராகப் போங்கள். அபராதத்துக்கு வட்டி உண்டென்றால் வட்டிக்கு அபராதம் உண்டா என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்பான்.

#29 – வழக்காடி

அரசுக்கு யோசனை கொடுக்காதீர்கள்.